ஒரு வீழ்படிவும் இரண்டு அகராதிகளும்

தங்கச்சி உயர்தரம் முடித்துவிட்டு விஞ்ஞான பீடத்துக்குப் போகக் காத்திருக்கிறாள். இலங்கை மலையகத்தில், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தொடங்கி ஹட்டன் டியூஷன் வகுப்பு வரை தமிழில் படித்த இரசாயனவியலை இனி ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். போன மாதம் புத்தகக் கடையில் நின்றபோது, "அக்கா, கலைச்சொல் தொகுதி வாங்குவோமா, இல்லாட்டி உதாரண வாக்கியம் போட்ட இங்கிலீஷ் அகராதி வாங்குவோமா?" என்று கேட்டாள். கையில் இருந்த காசுக்கு ஒன்றுதான் வாங்கலாம். நான் அகராதியை எடுத்துக் கொடுத்தேன்.

காரணத்தைச் சொல்ல 'பிரிசிப்பிடேட்' என்ற ஒரு சொல் போதும்.

கலைச்சொல் தொகுதியில் அதற்கு நேரே 'வீழ்படிவு' என்று இருக்கும். சரியான சொல். சில்வர் நைத்திரேற்றுக் கரைசலில் உப்புக் கரைசலை விட்டால் வெள்ளையாகத் திரண்டு அடியில் இறங்குவது அதுதான். இது தங்கச்சிக்கு ஏற்கெனவே தெரியும். பொருள் தெரியாமல் அவள் தடுமாறப் போவதில்லை, வாக்கியம் எழுதும்போதுதான் தடுமாறுவாள். நான் அப்படித்தான் தடுமாறினேன்.

முதலாம் வருட ஆய்வுகூட அறிக்கையில் 'ஒயிட் பிரிசிப்பிடேட் கேம்' என்று எழுதினேன். 'வெள்ளை வீழ்படிவு வந்தது' என்று தமிழில் எழுதினால் ஒரு குறையும் இல்லை. ஆனால் அறிக்கை சிவப்பு வட்டத்தோடு திரும்பி வந்தது. என்ன எழுதியிருக்க வேண்டும் என்பது வாக்கியங்கள் உள்ள அகராதியைப் பார்த்த பிறகுதான் விளங்கியது: 'எ ஒயிட் பிரிசிப்பிடேட் ஃபோம்ட்'. முன்னால் ஒரு 'எ' வேண்டும், பின்னால் 'கேம்' பொருந்தாது, 'ஃபோம்ட்' வேண்டும். சொல்லின் பொருள் தெரிந்தும், அதன் இரண்டு பக்கமும் எந்தச் சொல் வந்து உட்காரும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

வினையாக வரும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. தமிழில் 'நனைகிறது' வேறு, 'நனைக்கிறோம்' வேறு. அதுபோலவே தானாக வீழ்படிவதையும் நாம் வீழ்படியச் செய்வதையும் பிரித்து எழுதுகிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'பிரிசிப்பிடேட்' தான். பொருள் தானாகப் பிரிந்து இறங்கினால் 'பிரிசிப்பிடேட்ஸ் அவுட் ஒஃப் த சொலூஷன்' என்று வரும். நாம் ஒன்றைச் சேர்த்து அதை இறக்கினால், சொல்லுக்குப் பின்னாலேயே அந்தப் பொருளின் பெயர் வரும். எது எது என்று காட்டுவது பக்கத்துச் சொல் மட்டுமே. 'வீழ்படிவு' என்ற ஒற்றை விடை இதைச் சொல்லித் தராது. மூன்று நான்கு வாக்கியங்களை அடுத்தடுத்து வாசித்தால் தானாகப் பிடிபடும்.

அப்புறம், இந்தச் சொல் ஆய்வுகூடத்தோடு நிற்பதில்லை. புவியியலில் நாம் படிவு வீழ்ச்சி என்று படித்தது, அதாவது மழையும் பனியும் ஆலங்கட்டியும், 'பிரிசிப்பிடேஷன்'. செய்தியில் ஒரு போர், நெருக்கடியை 'பிரிசிப்பிடேட்' செய்தது என்றால், சட்டென்று மூளச் செய்தது என்று அர்த்தம். யோசிக்காமல் அவசரப்பட்டு எடுத்த முடிவுக்கும் இதுவே அடைமொழி, ஆனால் அப்போது கடைசி அசை 'டேட்' என்று நீளாமல் 'டட்' என்று குறுகும். இலத்தீன் மூலத்தில் தலைகுப்புற விழுவதுதான் பொருள். அது தெரிந்ததும் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகிறது. எங்கள் மலையில் நாள்கணக்கில் கொட்டும் மழைக்கும் சோதனைக் குழாயின் அடியில் சேரும் வெள்ளைத் தூளுக்கும் ஆங்கிலத்தில் ஒரே வேர் என்பதில் எனக்கு இன்றும் சந்தோஷம்.

கலைச்சொல் தொகுதி வெல்கிற இடமும் உண்டு. 'ரிடியூஸ்' என்று தேடினால் பொது அகராதி முதலில் குறைத்தல் என்ற அர்த்தத்தையே தரும். இரசாயனப் பொருள் அடியில் எங்காவது கிடக்கும், சின்ன அகராதிகளில் அதுவும் இருக்காது. 'அயன் ஒக்சைட் இஸ் ரிடியூஸ்ட் டு அயன்' என்பதை இரும்பு ஒட்சைட்டு குறைந்து போனது என்று வாசிக்கிற பிள்ளைக்கு, 'தாழ்த்தல்' (இங்கே ஒட்சிசனை அகற்றுவது) என்று ஒரே வரியில் சொல்லும் தொகுதிதான் கை கொடுக்கும். ஆனால் அதே வாக்கியத்தைத் தானாக எழுதும்போது அந்த 'டு' தேவைப்படுமே, அதற்குத் திரும்பவும் அகராதிக்குத்தான் வர வேண்டும்.

போனில் தேடலாம், அவசரத்துக்கு நல்லது. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், சிக்னல் வேண்டுமென்றால் ரோட்டு வளைவுக்கு ஏற வேண்டும். தமிழும் பெரும்பாலும் இந்தியத் தமிழாக வரும். ஒட்சிசன், ஐதரசன் என்று படித்தவர்களுக்கு ஆக்சிஜன், ஹைட்ரஜன் என்று வந்தால் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான்.

நான் இரசாயனவியல் மாணவி. உயிரியல் படிக்கிற பிள்ளைக்கும் இதே தெரிவு சரியா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. அங்கே மனப்பாடம் செய்ய வேண்டிய பெயர்கள் அதிகம், தொகுதிக்கு வேலை கூடுதலாக இருக்கலாம். வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே 'பிரிசிப்பிடேட்' உள்ள பக்கத்தைத் திறந்து பாருங்கள். பெயராகவும் வினையாகவும் தனித்தனி வாக்கியம் இல்லையென்றால் அந்த அகராதி வேண்டாம்.

தங்கச்சி இப்போது தோழியிடம் தொகுதியை இரவல் வாங்கி, ஒரு கொப்பியில் தமிழ்ச் சொல்லையும் அதன் பக்கத்தில் அகராதி வாக்கியத்தையும் எழுதி வருகிறாள். நேற்று 'சச்சுரேட்டட்', அதாவது நிரம்பிய கரைசல். வாக்கியத்தை எழுதி, அதில் 'வித்' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.