தண்ணீர்மட்டத்திலிருந்து 15 செ.மீ.: பறவை மறைவிடத்தில் 5 ஆண்டுகள்

பறவையையும் தண்ணீரில் விழும் அதன் பிம்பத்தையும் ஒரே சட்டகத்தில் பிடிக்க வேண்டும் என்ற ஆசையில் மறைவிடத்துக்குள் உட்காரத் தொடங்கி 5 ஆண்டுகள் ஆகின்றன. முதல் 2 ஆண்டுகள் மடித்துத் தோளில் மாட்டிக்கொண்டு போகும் துணிக் கூடாரம். பிறகு நானே பள்ளம் தோண்டி, பலகை அடித்து, முன்னால் ஆழமில்லாத குட்டை ஒன்றும் வெட்டிய நிலையான மறைவிடம். நடுவில் ஒரு பருவம் முழுக்க, உள்ளிருந்து வெளியே தெரியும், வெளியிலிருந்து உள்ளே தெரியாத ஒருவழிக் கண்ணாடி வைத்தும் பார்த்தேன். மூன்றிலும் போதுமான காலைகளைக் கழித்தபின் சொல்கிறேன்: இந்த வகைப் படத்தில் கேமரா எது, லென்ஸ் எது என்பதெல்லாம் பிறகு. லென்ஸ் தண்ணீருக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்பதில்தான் பாதிப் படம் முடிவாகிவிடுகிறது.

இதை நான் கற்றது ஒரு தவறிலிருந்து. முதலில் வெட்டிய குட்டையின் நீளம் 1.2 மீட்டர். மறைவிடத்தில் சிறு முக்காலியில் உட்கார்ந்து எடுத்தேன். லென்ஸ் தண்ணீருக்கு ஏறத்தாழ 60 செ.மீ. மேலே, பறவை நிற்கும் எதிர்க்கரை 4 மீட்டர் தூரத்தில். பிம்பம் முழுதாக வந்தது, ஆனால் மங்கலாக, கழுவிவிட்ட வண்ணம் போல. தாழ்ந்து எடுத்தால் நன்றாக வரும் என்று தரையில் படுத்து, லென்ஸை 15 செ.மீ. உயரத்துக்கு இறக்கினேன். நிறம் அள்ளியது. பிம்பத்தில் தலையைத்தான் காணோம்! காலும் வயிறும் தண்ணீரில் தெரிய, அதற்குக் கீழே என் பக்கத்துக் கரையின் சேறு. ஒரு வாரம் லென்ஸைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

தாளில் கோடு போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஒளி எந்தக் கோணத்தில் தண்ணீரில் விழுகிறதோ அதே கோணத்தில் எழுகிறது. பறவையின் தலை 15 செ.மீ. உயரம், லென்ஸும் 15 செ.மீ. உயரம் என்றால், தலையிலிருந்து வரும் ஒளி தண்ணீரில் பட்டுத் திரும்பும் இடம் இரண்டுக்கும் சரிபாதியில், அதாவது பறவையிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருக்கிறது. லென்ஸ் 60 செ.மீ. உயரத்தில் இருந்தபோது அந்த இடம் பறவையிலிருந்து 80 செ.மீ. தூரத்திலேயே வந்துவிட்டது, 1.2 மீட்டர் தண்ணீர் போதுமானதாக இருந்தது. லென்ஸைத் தாழ்த்தத் தாழ்த்தத் தண்ணீர் உங்களை நோக்கி நீள வேண்டும். பறவை தண்ணீருக்கு 20 செ.மீ. மேலே ஒரு குச்சியில் அமர்ந்தால் அந்த இடம் 2.8 மீட்டருக்கு வந்துவிடும். இப்போது என் குட்டை 3 மீட்டர் நீளம், ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதலான அகலம். குட்டை வெட்டப்போகிறவர்கள் அகலத்தைக் குறைத்துக்கொண்டாவது நீளத்தைக் கூட்டுங்கள்.

தாழ்த்துவதால் கிடைக்கும் லாபமும் பெரிது. நேர் மேலிருந்து பார்த்தால் தண்ணீர் திருப்பி அனுப்புவது விழும் ஒளியில் 2 சதவீதம் மட்டுமே. நான் முக்காலியில் உட்கார்ந்திருந்த கோணத்தில் அது மூன்றில் ஒரு பங்கு. பிம்பம் பறவையைவிட ஒன்றரை ஸ்டாப் இருண்டு போகும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது). 15 செ.மீ. உயரத்திலோ 60 சதவீதத்துக்கு மேல் திரும்பி வருகிறது. பறவைக்கும் பிம்பத்துக்கும் ஒரு ஸ்டாப்கூட வித்தியாசம் இல்லை. பிரதிபலிப்பைக் குறைக்கும் வடிகட்டியான போலரைசரைக் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள். நாம் தேடி வந்த பிம்பத்தைத்தான் அது முதலில் துடைத்தெடுக்கும்.

இன்னொன்று, தண்ணீரின் நிறம். பறவைக்குப் பின்னால் இருப்பதைத்தான் தண்ணீர் காட்டுகிறது. உயரத்திலிருந்து எடுத்தால் வானம் விழுந்து தண்ணீர் வெளுத்துப்போகும். தாழ்ந்து எடுத்தால் பின்னாலுள்ள புதரின் நிழல் விழும். கரும்பச்சைத் தண்ணீரில் ஒரு மாங்குயிலின் மஞ்சள் விழுவதைப் பார்த்தவர்களுக்கு வெள்ளைத் தண்ணீர்ப் படம் பிறகு பிடிக்காது. என் குட்டைக்குப் பின்னால் 8 மீட்டர் தள்ளி அடர்ந்த புதர் இருக்கிறது. காலை வெயில் என் முதுகுப் பக்கத்திலிருந்து வந்து பறவைமேல் விழும்போது அந்தப் புதர் இன்னும் நிழலில்தான் இருக்கும். இடம் பார்க்கும்போது இந்த ஒன்றுக்காகவே மூன்று இடங்களை வேண்டாம் என்று விட்டேன்.

குட்டையின் ஆழம் 4 செ.மீ. போதும். அடியில் கறுப்பு விரிப்பு. தண்ணீர் விளிம்புவரை தளும்ப நிற்க வேண்டும். இதில் சமரசம் கிடையாது. என் பக்கத்துக் கரை லென்ஸிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 3 செ.மீ. இறங்கிவிட்டால், கரை மறைப்பதில் 20 செ.மீ. தண்ணீர் பார்வையிலிருந்து போய்விடும். நான்கு பக்கமும் ரசமட்டம் வைத்துச் சரிபார்த்துத்தான் விளிம்பை அமைத்தேன். அப்படியும் முதல் மழையில் ஒரு மூலை உட்கார்ந்துவிட்டது. பிரித்து மறுபடி செய்தேன்.

மறைவிடங்களைப் பற்றி. துணிக் கூடாரம் தூக்கிப்போக எளிது, பத்து நிமிடத்தில் நிறுத்திவிடலாம். காற்றில் படபடக்கும் துணிதான் அதன் பெரிய குறை. நிறத்துக்குப் பழகும் பறவை படபடப்புக்குப் பழகாது. நான்கு பக்கமும் இழுத்துக் கட்டி, அடிவிளிம்பில் கல் வைத்தால் சமாளிக்கலாம். இரண்டாம் ஆண்டு முடிவில் வெயில்பட்ட பக்கம் துணி நைந்து, ஜிப்பும் போனது. நண்பகலில் உள்ளே அனல். கூடாரத்தின் சூடான காற்று லென்ஸுக்கு முன்னால் வழிந்து வெளியேறுவதால் படம் நடுங்கியதுபோல மென்மையாகிவிடும். நீண்ட நாள் இதை ஃபோகஸ் பிழை என்றே நினைத்திருந்தேன். லென்ஸின் முகப்பை, திறப்பை மூடும் வலைக்கு வெளியே நீட்டி வைத்தபிறகு பெருமளவு சரியானது.

பலகை மறைவிடத்தின் தரை நிலமட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே. அதனால்தான் நாற்காலியில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தபடியே லென்ஸைத் தண்ணீரோரம் வைக்க முடிகிறது. ட்ரைபாட் தேவையில்லை, பலகை விளிம்பில் பீன் பேக் (மணிகள் நிரப்பிய பை) போதும். படுத்து எடுத்த நாட்களில் ஒரு மணி நேரத்தில் கழுத்து இறுகிவிடும். இப்போது ஐந்து மணி நேரம் உட்காருகிறேன். ஆனால் பள்ளம் பள்ளம்தான்: ஒரு பெருமழை இரவுக்குப்பின் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வடிகால் வெட்டாமல் பள்ளம் தோண்டாதீர்கள்.

ஒருவழிக் கண்ணாடி மறைவிடங்களைப் பரவலாக்கியவர் ஹங்கேரிய ஒளிப்படக் கலைஞர் பென்ஸே மாதே. அவருடைய படங்களைப் பார்த்துத்தான் நானும் முயன்றேன். சுகம் என்றால் அப்படியொரு சுகம்! கையை அசைக்கலாம், லென்ஸைத் திருப்பலாம், முகத்துக்கு நேரே பறவை தண்ணீர் குடிப்பதை வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் ஒரு ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சம் போகிறது. விடியலில் அது பெரிய இழப்பு. கண்ணாடிக்குச் சாய்வாக எடுத்தால் விளிம்புகளில் இரட்டைக் கோடு விழுகிறது. என்னை அதிகம் உறுத்தியது வேறு: ஆண் வாலாட்டி ஒன்று கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்து, எதிரி என்று எண்ணித் தொடர்ந்து கொத்திக்கொண்டே இருந்தது. இரண்டாம் நாளும் அதுவே நடக்க, கண்ணாடியைக் கழற்றி வலைக்குத் திரும்பிவிட்டேன். சாய்த்துப் பொருத்தியிருந்தால் தவிர்த்திருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு மறுபடி முயல மனம் வரவில்லை.

பறவைக்கு மனித உருவம்தான் பயம். பெரிய பொருள் ஒன்று அசையாமல் நிற்பது பயமில்லை. 120 ஆண்டுகளுக்கு முன்பே ரிச்சர்ட், செர்ரி கியர்டன் என்ற ஆங்கிலேயச் சகோதரர்கள் உள்ளீடற்ற மாட்டு உருவம் ஒன்று செய்து, அதற்குள் ஒளிந்து பறவைகளைப் படமெடுத்தார்கள். மறைவிடத்தில் என் அனுபவமும் அதுதான்: பலகைச் சுவரைக் காட்டிலும் முதுகுப்பக்கத் திறப்பு முக்கியம். அது திறந்திருந்தால் வெளிச்சத்தில் நம் தலை நிழலுருவமாகத் தெரியும். கறுப்புத் துணியால் மூடிய நாளிலிருந்து வரத்து கூடியது. விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே உள்ளே போய்விட வேண்டும். தாமதமானால் நண்பர் ஒருவரை உடன் அழைத்துப்போய், அவரை மட்டும் திரும்ப நடக்கச் சொல்வேன். இரண்டு பேர் வந்து ஒருவர் போனால் ஆள் போய்விட்டதாகவே பெரும்பாலான பறவைகள் எடுத்துக்கொள்கின்றன. பழைய உத்தி, இன்றும் பலிக்கிறது.

எந்தப் பறவை எப்படிக் குடிக்கிறது என்று கவனித்து வைத்தால் படம் தானாக அமையும். சின்னான் அலகைத் தோய்த்து, தலையை அண்ணாந்து விழுங்கும். ஒவ்வொரு மிடறுக்கும் ஒரு வளையம் பரவி பிம்பத்தைக் கலைத்துவிடும். அலகு நீரைத் தொடுவதற்கு முந்தைய நொடிதான் அதன் படம். புறா அப்படியில்லை. அலகை அமிழ்த்தி, தலையைத் தூக்காமலேயே உறிஞ்சிக் குடிக்கும். தண்ணீர் அசையாது. அலகும் அலகின் பிம்பமும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் அந்த இரண்டு மூன்று நொடிகள் எனக்கு மிகவும் பிடித்தவை. குளிக்க இறங்கும் பறவையிடம் பிம்பம் எதிர்பார்க்கக் கூடாது. அப்போது தெறிப்புத்தான் படம். ஷட்டரை நொடியில் 2000-இல் ஒரு பங்குக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். நிற்கும் பறவைக்கு 500-இல் ஒரு பங்கு போதும், துளை எஃப் 7.1 அல்லது எஃப் 8, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) தானியங்கியில்.

பிம்பத்துக்குத் தனியாக ஃபோகஸ் செய்ய வேண்டியதில்லை. பறவையிலிருந்து தண்ணீர் வழியாக லென்ஸுக்கு வரும் தூரமும் நேர்த்தூரமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் கண்ணைத் தேடும் ஆட்டோஃபோகஸ் சில சமயம் பிம்பத்தின் கண்ணுக்குத் தாவிவிடுகிறது. சிற்றலை இருந்தால் அங்கே தடுமாறிப் படம் கெடும். ஃபோகஸ் பகுதியைச் சட்டகத்தின் மேல்பாதியோடு கட்டுப்படுத்தி வைத்தபின் இந்தத் தொல்லை போயிற்று. கேமராவைச் செங்குத்தாகப் பிடியுங்கள். கீழே இடம் விடுங்கள். வாலைக் காப்பாற்றப்போய்ப் பிம்பத்தின் தலையை வெட்டிய படங்கள் என்னிடம் நூற்றுக்கணக்கில் உண்டு. சிவப்பும் ஆரஞ்சும் மிகுந்த பறவைகளில் வெளிச்சப் பரவலைக் காட்டும் மொத்த ஹிஸ்டோகிராம் சரியாகத் தெரிந்தாலும் சிவப்பு மட்டும் எல்லை தாண்டி, இறகின் இழை தெரியாமல் பூசியதுபோலாகிவிடும். மூன்று நிறங்களையும் தனித்தனியே பார்த்து அரை ஸ்டாப் குறைத்துக்கொள்கிறேன்.

ஐந்து ஆண்டுகளில் ஒரு காலையை மட்டும் சொல்ல வேண்டுமென்றால், அது என் குட்டையில் நடந்ததல்ல. இயற்கையான ஓடை ஒன்றின் தேங்கிய நீரோரம், துணிக் கூடாரத்தில். சிறு மீன்கொத்தி, நம் முன்னோர் சிரல் என்றார்களே, அது தண்ணீருக்கு ஒரு முழம் மேலே வளைந்திருந்த வேரில் வந்து அமர்ந்தது. முதுகின் நீலம் இறகில் கரைந்திருக்கும் சாயமல்ல. இறகிழைக்குள் இருக்கும் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றுவது. மார்பின் ஆரஞ்சு மட்டுமே நிறமி. அது தலையைக் கவிழ்த்து, அலகை என் பக்கமாகத் தண்ணீரை நோக்கித் தாழ்த்தி, மீனைப் பார்த்தது. எனக்குத் தெரிந்தது அலகின் மேல்பாதி மட்டும், கன்னங்கரேல் என்று. ஆணாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். படத்தைப் பெரிதாக்கியபோது பிம்பத்தில் அலகின் அடிப்பாதி ஆரஞ்சாக ஒளிர்ந்தது. பெண்! கீழ் அலகு சிவந்திருப்பதுதான் பெண்ணின் அடையாளம். பிம்பம் என்பது பறவையின் தலைகீழ் நகல் என்று அதுவரை நினைத்திருந்தேன். தண்ணீர் பறவையைக் கீழிருந்து பார்க்கிறது; நான் பார்க்காத பக்கத்தை அது எனக்குக் காட்டியது.

அடுத்த வாரம் அதே பறவை மீனைப் பிடித்து, வேரில் அடித்துச் சாகடித்து, விழுங்காமல் மீனின் தலை முன்னோக்கி இருக்கும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு பறந்தது. தனக்கென்றால் மீன்தலையைத் தன் தொண்டைப் பக்கம் திருப்பும். தலை வெளியே இருந்தால் அது குஞ்சுக்கோ துணைக்கோ போகும் இரை. கூடு பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறது என்று புரிந்தது. கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பருவம் முழுக்க அங்கே போகவில்லை. குரல் ஒலிபரப்பி அழைப்பது, உயிருள்ள மீனைத் தொட்டியில் விட்டு வரவழைப்பது இரண்டையும் நான் செய்வதில்லை.

செயற்கைக் குட்டை வைத்தால் அதன் சுத்தத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும். வெப்ப நாட்களில் கொசு முட்டையிட்டுப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். வாரம் இருமுறை நீரை இறைத்துவிட்டு விரிப்பைத் தேய்த்துக் கழுவுகிறேன். பல பறவைகள் ஒரே இடத்தில் குடிக்கும்போது நோயும் கைமாறும். பிரிட்டனில் 2005-இல் கிரீன்ஃபிஞ்ச் முதலான சிட்டுகளிடையே பரவத் தொடங்கிய டிரைக்கோமோனாஸ் தொற்று, பொதுவான இரையும் நீரும் வழியாகப் பரவுவதுதான். இறகு உப்பிச் சோர்ந்த பறவை ஒன்றைக் கண்டால் நீரை வடித்து, விரிப்பை வெயிலில் காயப்போட்டு, சில வாரம் நிறுத்திவிடுவேன். பூனை பதுங்க இடமில்லாதபடி கரையைச் சுற்றி 2 மீட்டர் வெட்டவெளியாக வைத்திருக்கிறேன், அதற்கு அப்பால் பறவை ஓடி ஒளியப் புதர்.

இப்போது மிச்சமிருக்கும் வேலை ஒன்று. பஞ்சுருட்டான்கள் குட்டையின் மேலே வட்டமிட்டுவிட்டு, இறங்காமல் போகின்றன. பறந்தபடியே நீரில் மோதிக் குளிக்கும் பறவைக்கு 3 மீட்டர் ஓட்டம் போதவில்லை என்றே நினைக்கிறேன். வரும் கோடைக்குள் எதிர்க்கரையை இன்னும் 2 மீட்டர் பின்னுக்குத் தள்ளப்போகிறேன். ரசமட்டத்தை எடுத்துத் துடைத்து வைத்தாகிவிட்டது.