4 டிபி ஹார்ட் டிஸ்க்: காரைக்குடிக் கடையில் வாங்கி வீட்டில் மாட்டியது

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போய்விடலாம். படமும் வீடியோவும் பல வருஷம் பத்திரமாகக் கிடக்க வேண்டும் என்றால் சீகேட் அயர்ன்வுல்ஃப் 4 டிபி நல்ல டிரைவ், விலை கொஞ்சம் கூட, கொடுக்கலாம். செக்காலை ரோட்டை ஒட்டிய சந்தில் நான் வாங்கிய சின்னக் கடையும் நல்ல கடைதான், பொறுமை இருந்தால்.

இவ்வளவு இடம் எதற்கு என்று கேட்பீர்கள். கேம் எதுவும் இல்லை. ஐயா காலத்துப் பேரேடுகள், பர்மாவிலிருந்து வந்த கடிதங்கள், வீட்டில் நடந்த கல்யாணங்களின் இசைகுடிமானங்கள் (கல்யாணத்தில் எழுதிக்கொள்ளும் ஒப்பந்த ஓலைகள்) எல்லாம் பெட்டகத்தில் செல்லரிக்கத் தொடங்கியதும் அப்பச்சி எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணச் சொல்லிவிட்டார். 600 டிபிஐயில் ஒரு ஏ4 பக்கத்தைக் கலரில், சுருக்காமல் டிஃப் ஃபைலாக வைத்தால் 100 எம்பியைத் தாண்டும். பேரேடு என்ன ஏ4 அளவிலா இருக்கிறது, நீளவாக்கில் இருக்கும், ஸ்கேனரில் அடங்காமல் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டாக எடுக்க வேண்டும். அப்புறம் கல்யாண கேசட்டுகள். மினி டிவி (Mini DV) கேமரா டேப்பை அப்படியே கம்ப்யூட்டரில் இறக்கினால் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி. எங்கள் பக்கத்துக் கல்யாண வீடியோ ஒரு மணி நேரத்தில் முடிந்ததாக யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இருந்த 500 ஜிபி எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டில்லாத வேகமான டிரைவ், மூச்சுத் திணறிப்போனது.

எஸ்எஸ்டியே இன்னொன்று வாங்கலாமே என்று எல்லாரும் சொன்னார்கள். 4 டிபி எஸ்எஸ்டி விலைக்கு இதே அளவு ஹார்ட் டிஸ்க் இரண்டுக்கு மேல் வாங்கலாம். எடுத்துப் பார்ப்பதே எப்போதாவது என்கிற ஃபைலுக்கு அந்த வேகம் எதற்கு? விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருக்கட்டும், சரக்கு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும்.

டிரைவைத் தேர்ந்தெடுப்பதில் பெட்டியின் மேல் பெரும்பாலும் போடாத ஒரு விஷயம்தான் முக்கியம். டேட்டாவை எழுதுகிற முறை சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்று பார்க்க வேண்டும். சிஎம்ஆரில் தட்டின் மேல் ஒவ்வொரு தடமும் தனித்தனியாக எழுதப்படும். எஸ்எம்ஆரில் அதே தட்டில் அதிகம் அடைக்க வேண்டும் என்று ஒரு தடத்தின் ஓரம் அடுத்ததன் மேல் ஏறும்படி எழுதுவார்கள், நம்மூர் வீடுகளில் நாட்டு ஓடு வேய்வது போல. நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டும் என்றால் அதன் மேல் ஏறிக் கிடப்பதை எல்லாம் எடுத்து மறுபடி அடுக்க வேண்டும் இல்லையா, அதே கதைதான். சின்னச் சின்ன ஃபைலாகப் போட்டால் தெரியாது. நூற்றுக்கணக்கான ஜிபியை ஒரே மூச்சில் கொட்டும்போது கொஞ்ச நேரம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் நொடிக்கு இருபது முப்பது எம்பிக்கு இறங்கிவிடும். சீகேட் பாராகுடா 4 டிபி எஸ்எம்ஆர், அயர்ன்வுல்ஃப் வரிசை முழுக்க சிஎம்ஆர், இரண்டையும் சீகேட்டே தன் தளத்தில் பட்டியல் போட்டிருக்கிறது. டபிள்யூடியில் (வெஸ்டர்ன் டிஜிட்டல்) 2020இல் பெரிய சண்டை நடந்தது, நாஸ் பெட்டிக்கென்றே (பல டிரைவ்களை மாட்டி நெட்வொர்க்கில் வைக்கிற பெட்டி) விற்ற ரெட் டிரைவ்களில் சிலவற்றில் எஸ்எம்ஆரைச் சொல்லாமல் வைத்திருந்தார்கள், மாட்டிக்கொண்ட பிறகு சிஎம்ஆர் டிரைவுக்கு ரெட் பிளஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆகவே அந்தக் கம்பெனி என்றால் ரெட் பிளஸ் என்று முழுப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அயர்ன்வுல்ஃபும் நாஸ் டிரைவ்தான், அதை வீட்டுக் கம்ப்யூட்டரில் போடலாமா என்றால் தாராளமாகப் போடலாம். ஒரே ஒரு வித்தியாசம் தெரிந்திருக்கட்டும். படிக்க முடியாத ஒரு இடம் வந்தால் சாதா டிரைவ் நெடுநேரம் முட்டி மோதிப் பார்க்கும், இது சில நொடியிலேயே கைவிரித்துவிடும், ஏனென்றால் பக்கத்து டிரைவில் இன்னொரு பிரதி இருக்கும் என்ற நம்பிக்கையில் செய்தது. நம் வீட்டில் பக்கத்து டிரைவ் கிடையாது. அதனால் இன்னொரு பிரதியை வெளி டிரைவில் எடுத்து வேறு ஊரில் வைக்கத்தான் வேண்டும், எங்களுடையது சென்னையில் தங்கச்சி வீட்டில் இருக்கிறது.

கடைக்கு வருவோம். இந்தப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கடைக்குப் போய் பெரிய ஹார்ட் டிஸ்க் கேட்டால் முதல் கேள்வியே வேறு.

"அண்ணே, 4 டிபி இன்டர்னல் இருக்கா?"

"கேமராவுக்கா தம்பி?"

"இல்லண்ணே, வீட்டு கம்ப்யூட்டருக்கு."

"அதுக்கு யாரு இப்ப ஹார்ட் டிஸ்க் போடுறா?"

அவரைக் குறை சொல்ல முடியாது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று எங்கே பார்த்தாலும் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகள், ஆட்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும், முகப்பில் ஒன்று வளவில் ஒன்று பின்கட்டில் ஒன்று என்று கேமரா. கடையில் அடுக்கியிருந்த 3.5 அங்குல டிரைவ் எல்லாமே அந்த வியாபாரத்துக்கு வந்த டபிள்யூடி பர்ப்பிளும் சீகேட் ஸ்கைஹாக்கும்தான். பல கேமராவின் படத்தை ராப்பகலாக விடாமல் எழுதுவதற்கென்று அமைத்த டிரைவ்கள் அவை. கம்ப்யூட்டரிலும் ஓடும், அவர் அதையே எடுத்துக்கொள்ளவும் சொன்னார். நான் அயர்ன்வுல்ஃப்தான் வேண்டும் என்று நின்றேன். மதுரையிலிருந்து வரவழைத்துத் தருவதாகச் சொல்லி, ஜிபேயில் ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார். நாளைக்கு என்றால் நாளைக்கு இல்லை, அதைப் புரிந்துகொண்டு போங்கள்.

ஆனால் வந்த பிறகு அவர் செய்தது எனக்குப் பிடித்தது. சீல் வைத்த வெள்ளிக் கவரை என் முன்னால்தான் எடுத்து வைத்தார், லேபிளில் இருந்த சீரியல் நம்பரைத் தன் ஃபோனில் சீகேட் வாரண்டி பக்கத்தில் அடித்து, மூன்று வருஷம் இந்தியாவில் செல்லும் என்று வந்ததைக் காட்டிய பிறகுதான் மீதிப் பணத்தைக் கேட்டார். பத்தாயிரத்தை ஒட்டி ஆனது. ஹார்ட் டிஸ்க் விலை இப்போதெல்லாம் நிலையாக நிற்பதில்லை, போகிற அன்றைக்குக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு முன்னால் இதே டிரைவை ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் ஆயிரத்தைந்நூறு குறைவாக வாங்கினேன். பெரிய அட்டைப் பெட்டிக்குள் ஒரு சுற்று பபிள் ராப், உள்ளே டிரைவ் உருண்டுகொண்டு வந்தது. புதுசு என்று போட்டிருந்ததை மாட்டி, டிரைவின் உடல்நிலையைக் காட்டுகிற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ சாஃப்ட்வேரில் பார்த்தால் பதினாறாயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. வருஷத்துக்கு 8,760 மணி நேரம்தான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கேட்டதற்கு "சாஃப்ட்வேர் தப்பாகக் காட்டும் சார்" என்றார்கள். ஸ்கிரீன் ஷாட்டை அனுப்பி, இழுத்தடித்துத்தான் பணம் திரும்பியது. அந்த எண்ணையும் பூஜ்யமாக்கி விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் அப்படித்தான் ஓடித் தேய்ந்த சீகேட் டிரைவ்கள் புதுசு என்று விற்கப்பட்டது வெளியே வந்தது. சீகேட் டிரைவில் ஃபார்ம் (FARM) என்று தனியாக ஒரு பதிவு இருக்கிறது, ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற சாஃப்ட்வேர் போட்டு அதைப் படித்தால் உண்மையான மணி நேரம் தெரியும்.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை, ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தால் போதும். ஆனால் எங்கள் வீடு போன்ற பழைய வீட்டுக்காரர்களுக்கு ஒன்று. பிளக்கில் மூன்று துளை இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் வயர் இருக்காது. வெறுங்காலோடு ஆத்தங்குடி கல்லில் நின்று கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இடத்தில் புறங்கையை வைத்தால் சுருசுருவென்று இருக்கிறதா, அதுதான் அடையாளம். கம்ப்யூட்டருக்குக் கரன்ட் தருகிற பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கிற ஃபில்டர் வழியாகக் கசிகிற கரன்ட் போக வழியில்லாமல் கேபினெட்டில் நிற்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இழுத்த பிறகுதான் நான் புது டிரைவைத் தொட்டேன்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்சக் கரன்ட்டை வடியவிட்டு, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால் உள்ளே ஊரின் செம்மண் பாதி இருந்தது. அதை ஊதித் தள்ளவே நேரம் போனது. டிரைவை ட்ரேயில் தள்ளிப் பக்கத்துக்கு இரண்டாக நாலு திருகாணி. எஸ்எஸ்டிக்கு வருகிற மெல்லிய திருகாணி இதில் நிற்காது, தடித்த இழை உள்ளது வேண்டும், கடையில் கேட்டால் ஒரு கைப்பிடி சும்மாவே தருவார். டிரைவை மதர்போர்டோடு இணைக்கிற கேபிள் டிரைவோடு வராது, தனியாகக் கேட்டு வாங்குங்கள், நுனியில் சின்ன இரும்பு நாக்கு இருக்கிற சாட்டா கேபிளாகப் பார்த்து. நாக்கில்லாதது நாளடைவில் தளர்ந்து, டிரைவ் திடீரென்று காணாமல் போகும், நீங்கள் டிரைவ் போச்சு என்று பதறுவீர்கள். பவருக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக வருகிற சாட்டா முனையைத்தான் போட வேண்டும், பழைய நாலு ஊசி முனையிலிருந்து மாற்றித் தருகிற மலிவு அடாப்டர்களில் வார்த்து ஒட்டிய ரகம் உள்ளுக்குள் ஷார்ட் ஆகி உருகுவதற்குப் பேர்போனது. மதர்போர்டிலேயே நேராகச் செருகுகிற எம்.2 எஸ்எஸ்டி இருந்தால் சில போர்டுகளில் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் வேலை செய்யாது, போர்டின் கையேட்டில் எது என்று இருக்கும்.

ஆன் செய்ததும் மை கம்ப்யூட்டரில் தேடாதீர்கள், அங்கே வராது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால், டிரைவின் இடத்தைப் பிரித்துக் குறிக்கிற முறை எம்பிஆரா ஜிபிடியா என்று கேட்கும், ஜிபிடி என்று கொடுங்கள். எம்பிஆர் என்றால் 2 டிபிக்கு மேல் உள்ள இடம் வீண். எல்லாம் முடிந்து 3.63 டிபி என்று காட்டும், கடைக்காரர் ஏமாற்றவில்லை, கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. குவிக் ஃபார்மட் டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் போட்டேன். தட்டு முழுக்க ஒரு தடவை எழுதிப் பார்த்துவிடும், சொத்தை இருந்தால் வாரண்டியின் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். ஏழெட்டு மணி நேர வேலை, மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வீட்டு யூபிஎஸ் கால் மணி நேரம் தாங்கினாலே அதிசயம். முடிந்த பிறகு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் ரீஅலொகேட்டட் (சொத்தையாகி மாற்றப்பட்ட இடங்கள்), பென்டிங் (சந்தேகத்தில் நிற்கிற இடங்கள்) இரண்டும் பூஜ்யம்.

வேகம் நொடிக்கு 180 எம்பியை ஒட்டி, பெரிய கேசட் ஃபைல்களைக் கொட்டியபோதும் படுத்துக்கொள்ளவில்லை. 5400 சுற்று டிரைவ், அதனால் சத்தம் குறைவு. ஆனால் எங்கள் பட்டாலையின் (முன் பக்கக் கூடம்) மர மேஜையில் கேபினெட்டை வைத்தபோது மேஜையே உறுமியது. தரையில் ரப்பர் மிதியடி போட்டு இறக்கி வைத்த பிறகு இல்லை. சித்திரை வெயிலில் ஃபேன் ஓடியும் 46, 47 டிகிரி காட்டுகிறது, 50 வந்தால் கிரிஸ்டல் மஞ்சளாகிவிடும், அதனால் முன்பக்கம் ஒரு 120 எம்எம் ஃபேன் போடப்போகிறேன்.

கடைக்கு மதியம் போகாதீர்கள், ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், ஐந்து மணிக்கு மேல் போங்கள். பில்லில் சீரியல் நம்பரை எழுதச் சொல்லி வாங்குங்கள், கேட்டால் எழுதுவார், தானாக எழுத மாட்டார்.