ஓவர்ஃப்ளோ துளையுள்ள வாஷ்பேசினுக்கு ஃபுல் த்ரெட் கப்ளிங்: ஏமாந்துவிடாதீர்கள்

நீர் நிரம்பி வழியாமல் தடுக்கும் ஓவர்ஃப்ளோ துளையுள்ள எங்கள் வாஷ்பேசினுக்கு ஏற்ற வேஸ்ட் கப்ளிங்கை, அதாவது பேசினின் அடித்துளையில் பொருத்தி நீரைக் குழாய்க்கு விடும் இணைப்பை, கேட்டபோது, “ஹாஃப் த்ரெட் எல்லாம் பழைய மாடல் சார், ஃபுல் த்ரெட் எந்தப் பேசினுக்கும் பொருந்தும்” என்று சொல்லி, விலை கூடிய ஒன்றைக் கடைக்காரர் எங்கள் தலையில் கட்டினார். கடையிலிருந்து வந்த பிளம்பரும் மறுபேச்சின்றி அதையே பொருத்திவிட்டுப் போனார்.

பொருந்துவது வேறு, வேலை செய்வது வேறு. ஓவர்ஃப்ளோ துளைக்குள் போகும் நீர், பீங்கானின் உள்ளே மறைந்திருக்கும் ஒரு வழியாக இறங்கி, கப்ளிங் உட்காரும் துளையின் பக்கவாட்டில் வந்து சேர்கிறது. ஹாஃப் த்ரெட் கப்ளிங்கின் மேற்பாதியில் மரை இல்லாமல் திறப்புகள் இருப்பது அந்த நீரை உள்வாங்கிக் குழாய்க்கு அனுப்புவதற்காகத்தான். ஃபுல் த்ரெட்டில் அந்தத் திறப்புகள் கிடையாது. அது ஓவர்ஃப்ளோ இல்லாத பேசின்களுக்கு, குறிப்பாக மேடைமேல் வைக்கும் டேபிள் டாப் வகைகள் பலவற்றுக்கு உரியது.

எங்கள் வீட்டில் உள்வழியில் இறங்கிய நீர் வெளியேற முடியாமல் அங்கேயே தேங்கி, சோப்பு அழுக்கோடு சேர்ந்து நாறத் தொடங்கியது. புகார் சொன்னதும் அதே பிளம்பர் வந்து, பேசினுக்கு அடியில் நீரைத் தேக்கிச் சாக்கடை நாற்றத்தைத் தடுக்கும் பாட்டில் ட்ராப்தான் பழுது என்று அதை மாற்றி, அதற்கும் தனியாகக் கூலி வாங்கிக்கொண்டார். நாற்றமோ அப்படியே இருந்தது. வேறொருவரை அழைத்துக் கப்ளிங்கைக் கழற்றியபோது கறுப்புச் சேறு வழிந்தது.

கழற்றிய பிறகு இன்னொன்றும் தெரியவந்தது. பித்தளை என்பதற்குச் சான்றாகக் கடையில் காந்தத்தை வைத்து, ஒட்டவில்லை பாருங்கள் என்று காட்டியிருந்தார்கள். துத்தநாகக் கலவையிலும் முலாம் பூசிய பிளாஸ்டிக்கிலும்கூடத்தான் காந்தம் ஒட்டாது! மரையின் ஓரத்தை அரத்தால் லேசாகத் தேய்த்தபோது மஞ்சள் நிறம் தெரியவில்லை, சாம்பல் நிறமே தெரிந்தது.

பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள். கேட்டும் முறையான பில் தராமல், ‘சானிட்டரி ஐட்டம்’ என்று மட்டும் குறித்த துண்டுச்சீட்டையே தந்திருந்தார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் பின்னர் புகார் செய்ய நேர்ந்தால் சான்றாக உதவும்படி, உலோகம், த்ரெட் வகை, 32 மி.மீ. போன்ற அளவு ஆகியவற்றைப் பணம் கொடுக்கும் முன்பே ஜிஎஸ்டி பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.