பாத எரிச்சலுக்கு மாத்திரை வாங்கப் போய்

மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு வயது 67, சர்க்கரை உண்டு. சம்பா நடவு சமயத்தில் பாதம் எரிகிறது, ராத்திரி தூக்கமே இல்லை என்றார். டவுனில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். இரண்டு நிமிஷத்தில் சீட்டு எழுதியாகிவிட்டது. கீழேயே இருந்த மருந்துக்கடையில் அட்டையைக் கத்தரித்துப் பத்து மாத்திரை கொடுத்தார்கள். பெயர் இருந்த பக்கம் அவர்களிடமே தங்கிவிட்டது. பில்லும் கிடையாது.

எரிச்சல் குறைந்தது, தூங்கினார். அதை மறைக்கக் கூடாது. வாய்தான் காய்கிறது என்றார். நாலாம் நாள் முதல் கொல்லைக்குப் போனால் திரும்ப வெகுநேரமானது. மூத்திரம் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறதாம். கிளினிக்குக்குப் போன் செய்தேன். "வயசானா அப்படித்தான், தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்கள். அம்மா வாழைத்தண்டுச் சாறு வேறு பிழிந்து கொடுத்தார். நடுவில் சளிக்கு அதே கடையில் ஒரு ஜலதோஷ மாத்திரையும் வாங்கிப் போட்டிருக்கிறார். அன்றிரவு சுத்தமாக நின்றுவிட்டது. அடிவயிறு கல்லாட்டம். வேட்டி முடிச்சைத் தளர்த்திக்கொண்டு, திண்ணைத் தூணைப் பிடித்தபடி வியர்த்து நின்றார்.

தஞ்சாவூரில் அவசரப் பிரிவில் டியூப் போட்டதும் 900 மில்லி வந்தது. 400, 500 மில்லியிலேயே நமக்கெல்லாம் முட்டிக்கொண்டு வரும். "ஐயா, இந்த மாத்திரைக்கு முன்னாடி ராத்திரி எத்தனை தடவை எழுந்திரிப்பீங்க?" என்று அங்கிருந்த டாக்டர்தான் முதன்முதலாகக் கேட்டார். நாலைந்து தடவை. ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியான ப்ராஸ்டேட்டில் வீக்கம் ஏற்கெனவே இருந்திருக்கிறது.

சீட்டின் கிறுக்கலையும் அவர்தான் படித்தார்: அமிட்ரிப்டிலின், 25 மில்லிகிராம். மன அழுத்தத்துக்கான பழைய மருந்து. நரம்பு எரிச்சலுக்கும் கொடுப்பார்கள், அது தப்பில்லை. ஆனால் மூத்திரப்பை சுருங்கி வெளியேற்றும் வேகத்தை அது குறைத்துவிடும். எல்லோருக்கும் இப்படி ஆகாது. ப்ராஸ்டேட் பெருத்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். சில ஜலதோஷ மாத்திரைகளில் இருக்கும் குளோர்பெனிரமினும் இதே வேலையைத்தான் செய்யும். நரம்பு எரிச்சலுக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான துலோக்செட்டினாலும் சிலருக்கு மூத்திரம் அடைக்கலாம்.

இதைப் படித்துவிட்டு, மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அது வேறு வம்பு. எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள். முக்கிமுக்கிப் போக வேண்டியிருந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். அடியோடு நின்றுவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், தண்ணீரும் குடித்துப் பார்க்காதீர்கள். அடைத்த பானையில் ஊற்றுகிற கதைதான்.

டியூபோடு ஒரு வாரம் வீட்டில் கிடந்தார். மீதி நாலு மாத்திரையோடு கடைக்குப் போய், ஏன் பெயர் இல்லாமல் வெட்டிக் கொடுத்தீர்கள் என்றேன். "நீங்க கேக்கலையே சார்" என்றான் அந்தப் பையன்.