பழைய பெட்டிக்குள் போலி பாடி: கிறைஸ்லர் டர்பைன் கிட் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

ஜோ-ஹான் நிறுவனத்தின் 1:25 அளவு கிறைஸ்லர் டர்பைன் கிட் (பாகங்களை ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் மாடல் கார்) ஒன்றை, "முழுமையானது, ஒட்டப்படாதது, அசல்" என்ற விளம்பரத்தை நம்பி 185 டாலர் கொடுத்து வாங்கினேன். பெட்டியும் செய்முறைத் தாளும், காரின் அடிச்சட்டமான சேஸியும் அசலாகவே இருந்தன. ஆனால் காரின் முகமும் உருவமுமான பாடி, யாரோ ஒருவர் அசலிலிருந்து படியெடுத்து, ஊற்றி இறுகவைக்கும் பிளாஸ்டிக்கான ரெசினில் வார்த்த போலி. பணத்தைத் திரும்பப் பெற இரண்டு மாதங்கள் முயன்றும் பயனில்லை. இதே வழியில் வேறொருவர் ஏமாறக் கூடாது என்பதால், நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதுகிறேன்.

நான் டெட்ராய்ட் புறநகர் ஒன்றில் வசிக்கிறேன். டியர்போர்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இந்தக் காரை முதலில் பார்த்தபோதே, இதைச் சிறிய அளவில் துல்லியமாகக் கட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. ஜெட் விமானத்தைப் போல டர்பைன் எஞ்சினில் ஓடும் காரைப் பொதுமக்களிடமே கொடுத்துச் சோதித்துப் பார்க்க 1963இல் கிறைஸ்லர் துணிந்தது. இத்தாலியில் டூரின் நகரத்து கியா பட்டறையில் பாடி செய்யப்பட்டு, மொத்தம் 55 கார்கள் உருவாயின. அவற்றில் 50 கார்கள், 1966 வரை 203 பேரிடம் ஆளுக்கு மூன்று மாதம் என்று மாறி மாறிக் கொடுக்கப்பட்டன. சோதனை முடிந்ததும் பெரும்பாலானவற்றை நிறுவனமே அழித்துவிட்டது. எஞ்சியவை ஒன்பது மட்டுமே. உண்மையான கார் இவ்வளவு அரிதாகிவிட்ட பிறகு, அதன் அளவுகளைச் சரியாகத் தாங்கி நிற்கும் ஒரு மாடல் எனக்கு வெறும் விளையாட்டுப் பொருளாகத் தோன்றவில்லை.

டெட்ராய்ட்டிலேயே இயங்கிய ஜோ-ஹான், கார் விற்பனையகங்களுக்கான விளம்பர மாடல்களையும் செய்து வந்த நிறுவனம். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட மாடல்களுக்காகக் கார் நிறுவனங்களே வரைபடங்களைக் கொடுத்துவந்தன. ஜோ-ஹான் கிட்களின் உருவ அமைதிக்குப் பெரும்பாலும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன். டர்பைன் கிட்டை அவர்களுடைய மிகச் சிறந்த வேலை என்று மாடல் கட்டுவோர் பலர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் கருதுகிறேன். அந்த நிறுவனம் இப்போது இயங்கவில்லை. ஆகவே நம் கைக்கு வருவதெல்லாம் பழைய இருப்பே. ஏமாற்றுபவருக்கு அதுவே வசதியாகிவிடுகிறது.

விளம்பரத்தில் நான்கு படங்கள் இருந்தன: பெட்டியின் மூடி, பக்கவாட்டு, செய்முறைத் தாள், மங்கலான ஒரு பிளாஸ்டிக் பை. பாடியைத் தனியே எடுத்துப் படம் அனுப்ப முடியுமா என்று விற்பவரிடம் கேட்டேன். "பையைத் திறந்தால் மதிப்புக் குறைந்துவிடும், சேகரிப்பவர்களுக்கு அது தெரியுமே" என்று பணிவாகப் பதில் வந்தது. நியாயமாகத் தோன்றியதால் நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அடுத்து, கட்டணத்தை மிச்சப்படுத்துவதற்காக, பணத்தை வணிகக் கொடுப்பனவாக அனுப்பாமல், நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் அனுப்பும் வகையில் அனுப்பச் சொன்னார். அப்படிச் செய்தால் அஞ்சல் செலவைத் தானே ஏற்பதாகவும் கூறினார். அதற்கும் இணங்கினேன்.

பார்சல் வந்த அன்று மாலையே பாடியைச் சேஸியின் மேல் வைத்துப் பார்த்தேன். பின்சக்கரத்தைச் சரியாக நிறுத்தினால், முன்சக்கரம் பாடியின் வளைவுக்கு நடுவில் அமையாமல் முன்னால் தள்ளி நின்றது. உண்மையான காரில் முன் பின் ஆக்ஸில்களுக்கு இடையிலான தூரம் 110 அங்குலம். அதை 25ஆல் வகுத்தால் 4.4 அங்குலம், அதாவது ஏறத்தாழ 111.8 மில்லிமீட்டர். வெர்னியர் காலிபரை வைத்து அளந்தபோது சேஸி சரியாக இருந்தது. பாடியின் சக்கர வளைவுகளின் மையங்களுக்கு இடையே 109.5 மில்லிமீட்டருக்கு மேல் வரவில்லை. இரண்டு சதவீதக் குறைவு என்று சொன்னால் சிறியதாகத் தெரியலாம். ஆனால் மேசையில் வைத்த காரை ஓரடி தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு, முன்சக்கரம் ஃபெண்டரை முட்டிக்கொண்டு நிற்பதுதான் முதலில் படும்.

இது எப்படி நேர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அசல் பாடியைச் சுற்றி சிலிக்கான் ரப்பரை ஊற்றி வார்ப்பச்சு எடுத்து, அதில் பாலியூரித்தேன் ரெசினை ஊற்றி இறுக விடுவார்கள். இறுகும்போது ரெசின் சற்றே சுருங்கும். அப்படி வார்த்த படியிலிருந்தே மீண்டும் அச்சு எடுத்தால், சுருக்கத்தின் மேல் சுருக்கம் சேரும். கூர்மையான கோடுகளும் மழுங்கும். டர்பைன் காரின் அழகு முழுவதும் அந்தக் கூர்மையில்தான் இருக்கிறது. முகப்பு விளக்குகளைச் சுற்றி டர்பைன் இதழ்களைப் போன்ற நுண்ணிய வரிகள் வரிசையாக ஓடும். சக்கர மூடிகளிலும் அதே இதழ்கள் இருக்கும். எனக்கு வந்த பாகங்களில் அவை தேய்ந்த காசின் முத்திரையைப் போல மங்கிக் கிடந்தன. குரோம் பூசிய பம்பர்களுக்குப் பதிலாக, வெள்ளிப் பெயின்ட் அடித்த ரெசின் பம்பர்கள் இருந்தன. கதவின் அடிவிளிம்பில் குண்டூசி முனையளவு காற்றுக் குமிழ்கள் தெரிந்தன.

ரெசின் என்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. எந்த நிறுவனமும் கிட்டாக வெளியிடாத கார்களை நேர்மையாக ரெசினில் வார்த்து, ரெசின் என்று சொல்லியே விற்கும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள்; அவர்களிடம் வாங்கிய இரண்டு பாடிகள் என் அலமாரியில் பெருமையுடன் நிற்கின்றன. பிறர் செய்த அச்சைத் திருட்டுத்தனமாகப் படியெடுத்து, அசல் பெட்டியில் போட்டு, அசல் விலைக்கு விற்பதையே நான் குற்றம் என்கிறேன்.

அளவுகளையும் படங்களையும் அனுப்பி விற்றவரிடம் விளக்கம் கேட்டபோது வந்த பதிலை, புதியவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். "பழைய பிளாஸ்டிக் காலப்போக்கில் சுருங்கும், இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்" என்று எழுதினார். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் பலர் இதை நம்பிவிடுகிறார்கள். 1950களின் விளம்பர மாடல்கள் பலவும் செல்லுலோஸ் அசிடேட்டில் செய்யப்பட்டவை. அவை ஆண்டுகள் செல்லச் செல்லச் சுருங்கி, நடுவில் வளைந்து போவது உண்மைதான். ஆனால் ஒட்டிக் கட்டும் கிட்கள் பாலிஸ்டைரீனில் (சுருக்கமாக ஸ்டைரீன்) செய்யப்பட்டவை. வெயிலிலோ சூட்டிலோ கிடந்தால் ஸ்டைரீன் கோணலாகலாமே தவிர, சும்மா பெட்டியில் இருந்துகொண்டு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இரண்டு சதவீதம் சுருங்காது. அப்படிச் சுருங்குமானால், அதே பெட்டியில் அதே ஆண்டுகள் கிடந்த சேஸியும் சுருங்கியிருக்க வேண்டும் அல்லவா? இதைக் கேட்டு எழுதிய பிறகு அவர் பதில் எழுதவே இல்லை.

பணத்தைப் பொறுத்தவரை என் தவறு பெரியது. நண்பர்களுக்கு அனுப்பும் வகையில் பணம் செலுத்தினால், பொருள் வாங்கியவருக்கான பாதுகாப்பு அதற்குக் கிடைக்காது. கிரெடிட் கார்டில் செலுத்தியிருந்தால், அமெரிக்கச் சட்டப்படி கணக்கு அறிக்கை அனுப்பப்பட்ட 60 நாட்களுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமை இருந்திருக்கும். நானோ வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பியிருந்தேன். அஞ்சல் வழியாக நடந்த மோசடி என்பதால் அஞ்சல் புலனாய்வுத் துறைக்குப் புகார் அளித்திருக்கிறேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பழைய கிட் வாங்க நினைப்பவர்கள், பாடியின் உட்புறத்தை வெளிச்சத்தில் எடுத்த படம் கிடைக்காமல் பணம் அனுப்பாதீர்கள். உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்திச் செலுத்தும் இன்ஜெக்ஷன் முறையில் வார்த்த ஸ்டைரீனில், அச்சிலிருந்து பாகத்தை வெளியே தள்ளும் ஊசிகளின் வட்டத் தடங்கள் உட்புறத்தில் தெளிவாக இருக்கும். ரெசின் படியில் அவை மழுங்கியிருக்கும் அல்லது இழைத்து அகற்றப்பட்டிருக்கும். சுவர் தடிமன் கூடுதலாக இருந்தாலும், குரோம் பாகங்கள், பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டத்தோடு இணைந்திராமல் தனித்தனியாக இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். சக்கர இடைத்தூரத்தை நீங்களே கணக்கிட்டு ஒப்பிடலாம். பாலித்தீன் உறையைக் கண்டு மட்டும் நம்ப வேண்டாம். பழைய பெட்டிக்குப் புதிய உறை போட்டுச் சூடுகாட்டி இறுக்குவது எளிது. பொருள் கைக்கு வந்த பிறகு சந்தேகம் எழுந்தால், கண்ணுக்குப் படாத உள்மூலையில் ஸ்டைரீனுக்கான திரவப் பசையை ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். ஸ்டைரீன் என்றால் மேற்பரப்பு இளகிப் பிசுபிசுக்கும். ரெசின் என்றால் பசை ஆவியாகிப் போகும், தடமே இருக்காது. ஆனால் அதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாகத்தையும் வெட்டவோ உப்புத்தாளில் தேய்க்கவோ வேண்டாம். தேய்த்துவிட்டால் பொருளைத் திருப்பும் உரிமை போய்விட்டது என்று வாதிடுவார்கள்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். விளம்பரப் படத்தில் இருந்த பெட்டி மூடியின் வலது கீழ்மூலையில், விரல்நுனி அளவில் முக்கோணமாக ஒரு கிழிசல் இருந்தது. எனக்கு வந்த மூடியில் அந்தக் கிழிசல் இல்லை. படத்தில் இருந்த பெட்டியை அவர் யாருக்கும் அனுப்பவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கடந்த வாரம் அதே நான்கு படங்களோடு, 210 டாலர் விலையில், வேறொரு கணக்கின் பெயரில் மீண்டும் ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. மூடியில் அந்தக் கிழிசலைப் பார்த்தால், பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டுப் பாடியின் உட்புறப் படத்தைக் கேளுங்கள்.