மாடி ஓடு சரிபண்ண ஆப்ல ஆள் கூப்பிடப் போறீங்களா? ரூ.54,000 போன கதையைப் படிச்சுட்டு கூப்பிடுங்க

கோபத்துல எழுதறேன், முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. ஐம்பத்து நாலாயிரம் ரூபாய்! மொட்டை மாடியில ஆடுற ஓட்டைச் சரிபண்ணித் தர்றோம்னு வாங்கிட்டு, முன்னைவிட மோசமாக்கி வெச்சுட்டுப் போயிருக்காங்க. பேரு சொல்லலை, வக்கீல் நோட்டீஸ் செலவு வேற தாங்காது. பிளம்பர், பெயிண்டர், ஏசி மெக்கானிக் எல்லாரையும் போன்லயே புக் பண்ற வீட்டு வேலை ஆப்கள்ல ஒண்ணு. ஓடு வேலையில என்னென்ன பார்க்கணும்னு கடைசியில விவரமா எழுதறேன்.

வீடு சென்னை மடிப்பாக்கத்துல, அப்பா கட்டினது. கான்கிரீட்டுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடிச்சு, அதுக்கும் மேல தட்டோடு (தட்டையான சுட்ட களிமண் ஓடு) பதிச்ச பழைய முறை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழைக்கு அப்புறம் தண்ணி டேங்க் பக்கம் ஓடுங்க ஆட ஆரம்பிச்சது. கால் வெச்சா 'டக்'னு சாயும், இடுக்குலேர்ந்து தண்ணி பீச்சும். அம்மா துணி காயப்போட அங்கதான் போறாங்க.

பார்வையிட ஒரு பையனை அனுப்பினாங்க. அவனை நினைச்சாத்தான் வயிறு எரியுது. ஒரு ரூபாய் காசை எடுத்து ஒவ்வொரு ஓடா தட்டிக்கிட்டே வந்தான். கெட்டியா இருக்கறது 'டிங்', அடியில காலியா இருக்கறது 'டொப்'. டொப்புக்கெல்லாம் சாக்பீஸ்ல பெருக்கல் குறி. அப்புறம் ஒரு பக்கெட் தண்ணியைக் கொட்டி, எங்க ஓடுது எங்க நிக்குதுன்னு குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பார்த்தான். "சார், டேங்க் பக்கம் தண்ணி ஓடுற சரிவு, அந்த வாட்டமே செத்துப்போச்சு. ஓட்டைப் பேர்த்து, கீழ இத்துப்போன ஜல்லியை எடுத்துட்டு, திரும்ப வாட்டம் குடுத்துப் பதிக்கணும். மேலாப்புல சிமெண்ட் பால் ஊத்தினா அடுத்த மழை வரைக்கும்தான்." அதைவிடச் சரியா எந்த இன்ஜினியரும் சொல்ல முடியாது. அம்மாகிட்ட, "வெறுங்கால்ல வராதீங்கம்மா, சுடும்"னு அக்கறை வேற. அம்மா காபி போட்டுக் குடுத்தாங்க. பாதி முன்பணம், பாதி வேலை முடிஞ்சதும், மொத்தம் ரூ.54,000, எல்லாமே ஆப் வழியா.

அதுக்கப்புறம் அந்தப் பையன் கண்ணுலயே படலை. வேலைக்கு வந்தது வேற ஆளுங்க. ஆபீஸ்ல இருந்தப்ப அம்மா போன் பண்ணி, "பேர்க்கிற சத்தமே கேக்கலையேடா"ன்னாங்க. சூப்பர்வைசர் நம்பருக்கு அடிச்சேன். "மெஷின்ல எடுக்கறோம் சார், சத்தம் வராது." சத்தமே வராம ஓடு பேர்க்கிற மெஷின் உலகத்துல எங்க விக்கறாங்களோ தெரியலை. சாயங்காலம் பார்த்தா வெள்ளை வெளேர்னு கூல் டைல்ஸ், அதான் வெயிலைத் திருப்பி அனுப்பற ஓடு, கண்ணு கூசுது. வேலை முடிஞ்சதுக்கு ஓடிபி கேட்டாங்க, சொன்னேன். மீதிப் பணமும் போச்சு.

முதல் மழை வந்தது. மாடியில குளம். புது ஓடு மழைத்தண்ணிக் குழாய் வாய்க்கிட்ட ஒரு விரல் உயரத்துக்கு மேடு கட்டி நிக்குது, தண்ணி எப்படிப் போகும்? டேங்க் பக்கம் பழையபடி 'டக்'. கீழ படுக்கையறை சீலிங்ல ஈரம்.

எதிர்வீட்டுல வேலை பார்க்கிற பெரியவர் மேஸ்திரியைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். கரண்டி முனையை இடுக்குல விட்டு நெம்பினார், ஓடு அப்பளம் மாதிரி முழுசா வந்துடுச்சு. அடியில அஞ்சு உருண்டை பசை, மூலைக்கு ஒண்ணு, நடுவுல ஒண்ணு. கீழ எதுலயும் ஒட்டலை. பசை மேல பச்சைப் பாசி, ஒரு உருண்டையில வேப்பஞ்சருகு நரம்போட பதிஞ்சிருக்கு. பெருக்கக்கூட இல்லை! அதுக்குக் கீழ பழைய ஓடு அப்படியே இருக்கு, அந்தப் பையன் போட்ட சாக்பீஸ் குறியோட.

"தம்பி, அடியில பூரா காலி. உள்ள போன தண்ணி எங்க போகும்? வெயில்ல ஓடு விரியும், ஒண்ணை ஒண்ணு முட்டித் தூக்கிக்கும். ஓட்டுக்கு ஓடு சந்து விடலை, கைப்பிடிச் சுவர் ஓரமாவது விட்டிருக்கலாம்"னார்.

அப்புறம் ஆரம்பிச்சது கஸ்டமர் கேர் பஜனை. முதல்ல, "டிக்கெட் போட்டிருக்கோம் சார், 24 மணி நேரத்துல கால் வரும்." வரலை. அப்புறம், "வாரன்ட்டி ஒழுகலுக்குத்தான், ஓடு ஆடறதுக்கு இல்லை." சரி, சீலிங்ல ஒழுகுதேன்னு போட்டோ அனுப்பினா, "அது உங்க கட்டிடத்தோட பழைய பிரச்சினை சார்." ஓட்டையே பேர்க்கலையேம்மா, குறிகூட அழியலைன்னு படம் அனுப்பினா, "நாங்க இணைச்சு வைக்கறவங்க மட்டும்தான், பார்ட்னர்கிட்ட பேசுங்க." பார்ட்னர் நம்பர் சுவிட்ச் ஆஃப். ஓடிபி குடுத்துட்டீங்களே, வேலை திருப்தின்னுதான் சிஸ்டத்துல இருக்குன்னு ஒரு பொண்ணு சொன்னப்ப போனைத் தூக்கி அடிக்கலாம்னு வந்தது. ரூ.54,000-க்கு அவங்க குடுக்கறேன்னு சொன்னது என்ன தெரியுமா? அடுத்த புக்கிங்குக்கு ஐந்நூறு ரூபாய் கூப்பன்!

விவரமா எழுதறேன்னு சொன்னேன், இப்ப கையெல்லாம் நடுங்குது. அவசரத்துக்கு இது மட்டும்: பழைய ஓட்டைப் பேர்த்துக் குவிக்கறதைக் கண்ணால பார்க்காம புது ஓடு ஒண்ணுகூட வைக்க விடாதீங்க. அடியில கலவை முழுசா பரப்பணும், உருண்டை உருட்டி வெச்சா அங்கயே நிறுத்துங்க. தண்ணி தேங்காம ஓடற அளவுக்கு வாட்டம் குழாய் பக்கம் இருக்கணும். கலவை காய்ஞ்சதும் ஒரு நாள் தண்ணி கட்டிப் பார்த்துட்டு அப்புறம் ஓடிபி. ஏமாந்தவங்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிச்சுப் புகார் பதிஞ்சு வையுங்க, நான் பதிஞ்சுட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள்ள போடணும். போடப் போறேன்.

மடிப்பாக்கம், நங்கநல்லூர் பக்கம் சுண்ணாம்பு ஜல்லி போட்டுத் தட்டோடு பதிக்கத் தெரிஞ்ச மேஸ்திரி யாராவது இருந்தா சொல்லுங்க, மழை வலுக்கறதுக்குள்ள வேணும். தயவுசெஞ்சு ஆப் லிங்க் யாரும் அனுப்பாதீங்க.