பள்ளிச் செஸ் குழுவுக்கு லிசெஸ்: எதுவரை கைகொடுக்கும்?

தொடக்கப் பள்ளிச் செஸ் குழுவொன்றைப் போட்டிக்குத் தயார்செய்யும் ஆசிரியருக்கு, 2010-இல் தொடங்கப்பட்டு விளம்பரமும் கட்டணமும் இன்றி இயங்கிவரும் லிசெஸ் இணையதளத்தை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால், அதை மட்டுமே நம்பிக் குழந்தைகளைப் போட்டி அரங்குக்கு அனுப்புவதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

முதலில் நிறைகள். ஆசிரியர் தமக்கென ஒரு வகுப்பை உருவாக்கி, மின்னஞ்சல் முகவரி இல்லாத சிறுவர்களுக்கும் கணக்குத் தொடங்கிக் கொடுக்கலாம். கடவுச்சொல்லை மறந்துவிட்டால் அவரே மாற்றியும் தரலாம். சிறுவர் பயன்முறையை இயக்கினால் அந்நியர்களுடனான உரையாடல் முற்றிலும் அடைபட்டுவிடுகிறது. இந்த வயதினருக்கு இது வசதி அல்ல, கட்டாயத் தேவை.

புதிர்ப் பகுதிதான் இத்தளத்தின் பெரும் பலம். கருப்பொருள் வாரியாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஒரே நகர்வில் மேட் (ராஜா தப்ப வழியே இல்லாத தாக்குதல்), குதிரையின் இரட்டைத் தாக்குதல், பாதுகாப்பின்றி நிற்கும் காயைப் பிடித்தல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே பழக்கலாம். இந்த நிலையில் பெரும்பாலான ஆட்டங்கள் திறப்பாட்ட (ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள் பற்றிய) அறிவால் அல்ல, இனாமாக விட்டுக்கொடுத்த காய்களால்தான் தீர்மானமாகின்றன. ஆகவே நீண்ட திறப்பாட்ட வரிசைகளை மனப்பாடம் செய்ய வைப்பதைக் காட்டிலும் இப்புதிர்களே பயன் தரும். இன்னொரு பகுதியில், ராஜாவும் ராணியும் கொண்டு தனித்த ராஜாவை மேட் செய்வதைக் கணினிக்கு எதிராகவே ஆடிப் பழகலாம். ராணி கூடுதலாக இருந்தும், எதிராளி செக்கில் இல்லாமலேயே நகர்த்த வழியின்றிப்போகும் ஸ்டேல்மேட்டில் ஆட்டத்தைச் சமனாக்கிவிட்டு அழும் குழந்தையைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

குறை எங்கே தொடங்குகிறதென்றால், இத்தளம் குழந்தையைத் தவறு செய்யவே விடுவதில்லை என்பதில்தான். செக்கில் இருக்கும் ராஜாவின் கட்டம் சிவப்பாக ஒளிர்கிறது. விதிக்குப் புறம்பாக நகர்த்தினால் காய் தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. உண்மையான பலகை எதையும் சொல்லாது. எதிராளியும் ‘செக்’ என்று சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளின்படி, ராஜாவைச் செக்கிலேயே விட்டுவிட்டு வேறு காயை நகர்த்திக் கடிகாரத்தை அழுத்தினால் அது விதிமீறிய நகர்வாகும்; முதல் முறைக்கு எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும், இரண்டாம் முறை பொதுவாக ஆட்டமே பறிபோகும். திரையில் எடுத்த காயை மீண்டும் வைத்துவிட்டு வேறு காயை எடுக்கலாம். பலகையில், நகர்த்தும் எண்ணத்துடன் தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். கோட்டை கட்டும்போது (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றும்போது) ராஜாவை முதலில் தொட வேண்டும், காயை நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்த வேண்டும், ஐயம் எழுந்தால் எதிராளியுடன் வாதிடாமல் கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழைக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் சுட்டியைப் பிடித்துக் கற்றுக்கொள்ள வழியே இல்லை. ஆட்டக் குறிப்பு எழுதுவதும் அவ்வாறே. கட்டங்களின் பெயரை விரைவாகக் கண்டறியும் பயிற்சி தளத்தில் இருந்தாலும், நகர்வுகளைத் தளமே பதிவுசெய்துகொள்வதால் பென்சில் பிடிக்கும் பழக்கம் வருவதில்லை.

எனவே, போட்டி நெருங்கும் வாரங்களில் வீட்டுப்பாடமாகப் புதிர்களை மட்டும் கொடுத்து, குழு கூடும் நேரம் முழுவதையும் பலகை, கடிகாரம், குறிப்புத்தாள் ஆகியவற்றுக்கே ஒதுக்குவது நல்லது. ஒரு நிமிட ஆட்டங்களைக் கண்டிப்பாகத் தவிர்க்கச் சொல்ல வேண்டும்; சிறுவர்கள் அவற்றையே விரும்புவார்கள், யோசிக்காமல் கை நீட்டும் வழக்கமும் அங்கிருந்தே வருகிறது.

தளத்தின் சுவிஸ் முறைப் போட்டி வசதியைக் குழுவுக்குள் ஒருமுறையேனும் நடத்திப் பார்க்கலாம். தோற்றவர் வெளியேறுவதில்லை, ஏறத்தாழ ஒத்த புள்ளிகள் பெற்றவருடன் அடுத்த சுற்றில் மோதுவார், எண்ணிக்கை ஒற்றைப்படையானால் ஒருவருக்கு எதிராளியின்றியே புள்ளி கிடைக்கும் என்பதைக் குழந்தைகள் நேரில் கண்டு புரிந்துகொள்வார்கள். பெற்றோரும் உடன் இருந்து பார்ப்பது நலம். கணினிப் பகுப்பாய்வை மட்டும் முதலிலேயே திறந்துவிட வேண்டாம். எந்த நகர்வில் ஆட்டம் கைநழுவியது என்று குழந்தையே சொன்ன பிறகு அதை இயக்கினால் போதும்.